கறியில்லாத ஞாயிறுகள்

மார்ச் 3, 2024, ஞாயிறு

அப்பா வழக்கம்போலக் காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் புறப்பட்டார். தெருமுனைவரை சென்ற பிறகுதான், அம்மா தேறிக் கிடா வெட்டும்வரை கறி தொடுவதில்லை என்ற நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்திருக்கிறது. வெறும் வாளியோடு திரும்பினார். மதியம் இரண்டு கவளம் ரசச் சோற்றுக்குமேல் இறங்கவில்லை என்றார்.

மார்ச் 4, திங்கள்

மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பத்து நிமிடம் மட்டுமே அனுமதித்தார்கள். அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. அப்பா சாப்பிட்டாரா என்று உதட்டசைவில் கேட்டாள். நன்றாகச் சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, புதன்

அந்தப் பொய்யை உண்மையாக்கியே தீரவேண்டும் என்று இன்று மீல்மேக்கர் சுக்கா செய்தேன். சோயாவிலிருந்து எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுப்பதால்தான் அந்த உருண்டைக்குள் நார்நாராக ஒரு அமைப்பு உண்டாகிறது. உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் இருக்கிறது என்பதால், நாளுக்கு நாள் மெலிந்துவரும் அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்று நம்பினேன். ஆனால் வெந்நீரில் ஒருமுறை போட்டெடுத்து அப்படியே மசாலாவில் சேர்த்தது என் தவறு. சோயாவின் பச்சை வாடை போகவில்லை. மசாலா வெளியே ஒட்டியிருக்க, உள்ளே வெறும் தண்ணீர்தான் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் உருண்டைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9, சனி

மூன்று நாள்களாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கறி வேகும்போது தன்னுள் இருக்கும் கொழுப்பையும் சாற்றையும் குழம்புக்குக் கொடுக்கிறது. மீல்மேக்கரோ குழம்பில் இருப்பதைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே முறையில் சமைத்தால் எப்படிச் சரியாக வரும்? இன்று உப்பும் மஞ்சளும் இட்ட கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, தண்ணீரில் அலசி, மறுபடியும் பிழிந்தேன். இதையே மூன்று முறை செய்தபின் வாடை அடங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்து, புளித்த தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் கலவையில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு நல்லெண்ணெயில் ஓரங்கள் முறுகும்வரை தனியாக வறுத்தெடுத்து, அதன்பின்னரே சின்ன வெங்காயமும் மிளகும் சோம்பும் சேர்த்துச் சுருட்டினேன். கொழுப்பு இல்லாத பொருள் என்பதால் எண்ணெயை அம்மா ஊற்றும் அளவைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன். மசாலாவின் வாசனை எண்ணெயில்தான் இறங்கும்.

அப்பா ஐந்து துண்டு சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

சைவ ஈரல். அப்பத்தா புரட்டாசியில் செய்வது. இத்தனை நாள் இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. நேற்றிரவு ஊறவைத்த பச்சைப்பயற்றைத் தோல் நீக்காமல், வரமிளகாய், சோம்பு, இஞ்சி, உப்பு சேர்த்து, தண்ணீர் விடாமல் கெட்டியாகவும் கொரகொரப்பாகவும் அரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி இட்லிப் பானையில் கால் மணி நேரம் அவித்தேன். ஆறும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்பது இதில் முக்கியம். சூட்டோடு கத்தி வைத்தால் உதிர்ந்துவிடும். தோலோடு அரைத்ததால், வெந்து ஆறியபின் ஈரலுக்கே உரிய அந்தக் கருத்த, மங்கிய நிறம் தானாக வந்துவிடுகிறது. பல்லில் படும்போது மாவாக நெகிழ்ந்து பிறகு கரைவதும் ஈரலைப் போலவே இருக்கிறது. வறுத்து அரைத்த மிளகு மசாலாவில் துண்டுகளைக் கடைசியாகப் போட்டு ஒரு கொதியோடு இறக்கினேன்.

அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். கை கழுவ எழும்போது, “ஈரல் என்று சொல்லித்தானே சாப்பிட்டேன், விரதம் முறிந்திருக்குமோ?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மார்ச் 11, திங்கள்

பெயரால் விரதம் முறியுமா?

மார்ச் 14, வியாழன்

அம்மாவுக்கு மறுபடியும் காய்ச்சல், 102. அடுப்பு பற்றவைக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. சந்தையில் இந்த ஆண்டின் பலாப்பிஞ்சு வந்திருந்தது. பண்ருட்டிக் காய் என்றார் கடைக்காரர். கையிலும் அரிவாள்மனையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அரிந்தும் பால் விரல்களில் ஒட்டிக்கொண்டது. உள்ளே கொட்டை இன்னும் கெட்டிப்படாத பிஞ்சாக இருந்தால்தான் கறிக்கு ஆகும். மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் பதத்தில் வேகவைத்து எடுத்தால், நார் போகும் திசையில் விரலால் பிரிக்கமுடிகிறது. கறி பிரிவதைப் போலவே பிரிகிறது. பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு, தேங்காயும் கசகசாவும் அரைத்த விழுது என்று அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மசாலா முழுவதையும் அதற்குக் கொடுத்தேன். பலாக்காயில் புரதம் மிகக் குறைவு என்பதால் வறுத்த நிலக்கடலையையும் ஒரு பிடி அரைத்துச் சேர்த்தேன். விழுதுக்கு அது கூடுதல் கனத்தைக் கொடுத்தது.

அரிந்துகொண்டிருக்கும்போது, வங்காளத்தில் இந்தப் பிஞ்சுப் பலாவுக்கு ‘மரத்து ஆடு’ என்று பொருள்படும் பெயர் உண்டு என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அங்கே கணவனை இழந்த பெண்களுக்கு மீன், கறி, வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் விலக்கிவைத்திருந்தார்கள். பத்து வயதில் தாலி அறுத்தவளும் சாகும்வரை அப்படியே உண்ணவேண்டும். அந்தப் பெண்கள்தாம் இஞ்சியையும் சீரகத்தையும் பெருங்காயத்தையும் வைத்துக்கொண்டு, பருப்பை அரைத்து வில்லைகளாக வெட்டிப் பொரித்துக் குழம்பிலிட்டும், பலாக்காயைக் கறிபோல வதக்கியும், அந்த ஊரின் சைவச் சமையலை இவ்வளவு நுட்பமாக வளர்த்தெடுத்தார்கள். பிறர் அவர்கள்மீது சுமத்திய விலக்கிலிருந்து பிறந்த ருசி அது. அவர்களுடைய கைகளை எண்ணியபோது அரிவாள்மனையின்மேல் என் கை நின்றுவிட்டது. ஒருவரை இழந்தவர்கள் சமைத்த பண்டத்தை இந்த வீட்டில், இந்த வாரத்தில் சமைக்கலாமா என்று ஒரு கணம் நடுக்கம் வந்தது. அப்பா காத்திருப்பவர்தான், இழந்தவர் அல்லர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகே மீதிக் காயை அரிந்தேன்.

மார்ச் 18, திங்கள்

அந்தக் கதையை அப்பாவிடம் சொல்லவில்லை. கறி நன்றாக இருந்தது என்று இன்று காலைதான் சொன்னார்.

மார்ச் 21, வியாழன்

அத்தை வந்திருக்கிறார். வாழைப்பூவில் கோலா உருண்டை செய்துகொண்டிருந்தேன். நடுவிலுள்ள நரம்பான கள்ளனையும் கண்ணாடிபோன்ற செதிலையும் ஒவ்வொரு பூவாக நீக்கி, கறுக்காமல் இருக்க மோரில் போட்டு, வேகவைத்துப் பிழிந்து, பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் சோம்பும் சேர்த்து அரைக்கும் வேலை முழுவதும் முடிவதற்குள் பத்தரை மணி ஆகிவிட்டது. கொத்துக்கறியில் செய்யும்போது உருண்டை பிரியாமல் இருக்க வாழைநாரால் கட்டிப் பொரிக்கும் வழக்கம் உண்டு. பூவுக்கு அது தேவையில்லை என்றாலும் நான் கட்டினேன். அம்மா கட்டுவாள்.

இவையெல்லாம் வேஷம் என்றும், கிடா வெட்டிப் படைத்தபின் உண்ணப்போகும் முதல் கவளத்துக்காக நாக்கு காய்ந்து கிடக்கவேண்டும் என்றும், அந்த ருசியை இப்போதே கொடுப்பது பாண்டி முனியையே ஏமாற்றுவது என்றும் அத்தை சொன்னார். நான் குரலை உயர்த்திவிட்டேன். அப்பா விட்டது கறியை, சோற்றை அல்ல; அம்மா கண் திறந்தவுடன் கேட்கும் முதல் கேள்வியே அப்பா சாப்பிட்டாரா என்பதுதான்; அதற்கு நான் தினமும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது என்றேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “ஈரல் என்றது பயறு என்று சாமிக்குத் தெரியும் அக்கா, எனக்கும் தெரியும்,” என்றார். பிறகு தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தையும் நான்கு உருண்டை சாப்பிட்டார். பேச்சு இல்லை.

மார்ச் 25, திங்கள், பங்குனி உத்திரம்

அம்மாவைச் சாதாரண அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 28, வியாழன்

வாழைக்காய் மீன் குழம்பு. தட்டைப்பயற்றை அரைத்து வாழையிலையில் அவித்து மீன் துண்டுகளாக வெட்டிப் போடுவோரும் உண்டு. அதற்கு இன்று நேரமில்லை. காயைச் சாய்வாக, மீன் வெட்டும் கனத்தில் நறுக்கி, மிளகாய்த்தூளும் புளியும் தடவி எண்ணெயில் இருபுறமும் சிவக்கவைத்து, வெந்தயம் தாளித்த புளிக்குழம்பில் மாங்காயோடு கடைசியில் சேர்த்தேன். மண்சட்டியில் மிச்சத்தை மூடிவைத்திருக்கிறேன். மீன் குழம்பு மறுநாள்தான் குழம்பாகும் என்று அம்மா சொல்வது வாழைக்காய்க்கும் பொருந்துமா என்று நாளை தெரிந்துவிடும்.

மார்ச் 29, வெள்ளி

பொருந்துகிறது. அப்பா சட்டியை வழித்துவிட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

கறிதோசை சரியாக வரவில்லை. முட்டையும் விலக்கு என்பதால் நடு அடுக்குக்குக் கடலைமாவைக் கரைத்து ஊற்றினேன். அது வேகுமுன் அடித்தோசை கருகிவிட்டது. அம்மா இன்று நான்கு அடி நடந்தாள் என்று செவிலியர் சொன்னார். அப்பாவிடம் அதை மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போலக் கேட்டார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

எலும்பு ரசம் வேண்டுமாம் அம்மாவுக்கு. கறி, எலும்பு எதுவும் இப்போது வேண்டாம், வடிகட்டிய காய்கறிச் சாறு மட்டும் தரலாம் என்கிறார் மருத்துவர். எலும்பில்லாமல் எலும்பு ரசம் எப்படி வைப்பது?

ஏப்ரல் 4, வியாழன்

இரண்டு நாள் யோசனைக்குப் பிறகு இன்று அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பை மூட்டினேன். எலும்பு ரசத்தில் நாக்கு தேடுவது ஒரு தனி ருசி. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதிலும் அடங்காத அதை 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, உமாமி என்று பெயரிட்டார். அந்த ருசியைத் தரும் குளுட்டமேட் என்ற பொருள் நன்றாகப் பழுத்த தக்காளியிலும் காளானிலும் இருக்கிறது. எனவே சிப்பிக்காளானை எண்ணெயில்லாத இரும்புச் சட்டியில் அதன் தண்ணீர் முழுவதும் வற்றிப் பழுப்பேறும்வரை வாட்டி, நாட்டுத் தக்காளி, சுட்ட சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கல்பாசி ஆகியவற்றோடு சிறு தீயில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். முருங்கைக்காயையும் நசுக்கிப் போட்டேன். அது சாற்றுக்கு எலும்புச் சாறுபோன்ற ஒரு வழுவழுப்பைக் கொடுத்தது. வெந்த காய்த் துண்டுகளை அப்பாவுக்கு எடுத்துவைத்துவிட்டு, துணியில் இருமுறை வடித்துக் குடுவையில் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

அம்மா ஐந்து கரண்டி குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். பிறகு, தெளிவான குரலில், “கல்பாசி அதிகம்,” என்றாள்.

ஒரு மாதத்தில் நான் கேட்ட முதல் முழுச் சொற்கள் அவை. நடைக்கூடத்தில் நின்று அப்பாவுக்குத் தொலைபேசியில் அதை அப்படியே சொன்னேன். வீட்டில் அவர் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தார். ஆமாம், அதிகம்தான் என்றார்.

ஏப்ரல் 5, வெள்ளி

அம்மா சொன்ன அளவு: அரைக் கிலோவுக்கு ஒரு கிள்ளுக் கல்பாசி, அதுவும் எண்ணெய் காய்ந்தவுடன். நான் இத்தனை நாளும் இரண்டு விரல் கொள்ளுமளவு போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 6, சனி

நாளை ஞாயிறு. பச்சைப்பயறு ஊறுகிறது. ஈரல் துண்டு இரண்டைத் தனக்கும் மசித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் அம்மா. மருத்துவரிடம் காலையில் கேட்கவேண்டும்.