ஜாவாவில் இழுப்பதும் தள்ளுவதும்

வகுப்பு, பொருள், மரபுரிமை என்றே சிந்தித்துப் பழகிய எனக்கு, 2014 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 8 (நிரலாக்க மொழியான ஜாவாவின் ஒரு பதிப்பு) கொண்டுவந்த லாம்டாவும் (பெயரில்லாச் சிறு செயற்கூறு) ஸ்ட்ரீமும் (மதிப்புகளை வரிசையாகச் செயலாக்கும் வழி), ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பைச் சுருக்கி எழுதும் வசதியாக மட்டுமே முதலில் தோன்றின. அந்த எண்ணத்தைக் கலைத்தது, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் காட்டிய ஒரு பிழை. வெளியே அறிவித்த எண்ணிக்கை மாறியை லாம்டாவுக்குள் கூட்ட முயன்றபோது, அங்கே பயன்படும் உள்ளூர் மாறியின் மதிப்பு மாறக் கூடாது என்று கம்பைலர் மறுத்துவிட்டது. (ஓர் உறுப்பு மட்டுமே கொண்ட அரேயில் அந்த எண்ணை ஒளித்துவைத்து கம்பைலரை ஏமாற்றினேன், ஒரே நேரத்தில் பல பகுதிகளாக ஓடும் பேரலல் ஸ்ட்ரீமில் ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தபோதுதான் தடையின் நியாயம் விளங்கியது.)

ஸ்ட்ரீமில் மதிப்புகளை மாற்றும் மேப், வடிகட்டும் ஃபில்டர் ஆகியவை எழுதியவுடன் எதையும் செய்வதில்லை. விடையைத் திரட்டும் கலெக்ட் போன்ற இறுதிச் செயலை அழைக்கும் வரை அவை வெறும் திட்டம்தான். இது புரிந்திருந்ததால், நிகழ்வுகளை அவை வரும்போதே கையாளும் நூலகமான ஆர்எக்ஸ்ஜாவாவும் எளிதாக வசப்படும் என்று நம்பினேன். ஆனால் ஸ்ட்ரீமில் மதிப்பை நாம் இழுக்கிறோம், ஆர்எக்ஸ்ஜாவாவில் மதிப்பு நம்மை நோக்கித் தள்ளப்படுகிறது. அனுப்பும் பக்கம் வேகமாகவும் பெறும் பக்கம் மெதுவாகவும் இருந்தால் நினைவகம் நிரம்பிவிடும் என்பதால், தன்னால் தாங்கக்கூடிய எண்ணிக்கையைப் பெறும் பக்கமே கேட்டு வாங்கும் முறையை ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் என்னும் பொது விதித்தொகுப்பு வரையறுத்தது. 2017இல் ஜாவா 9 அதே இடைமுகங்களை ஃப்ளோ என்னும் வகுப்பில் சேர்த்துக்கொண்டது.

ஆர்எக்ஸ்ஜாவாவில் பிழை தேடும் வேலையில் மட்டும் இன்றும் எனக்கு மனம் ஒப்பவில்லை: பிழை நேர்ந்த இடம் வரையிலான அழைப்புகளைக் காட்டும் ஸ்டாக் டிரேஸில் என் வரிகளைவிட நூலகத்தின் வரிகளே அதிகம். ஆகவே தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் நிகழ்வுகளுக்கு மட்டும் ஆர்எக்ஸ்ஜாவாவை வைத்துக்கொண்டு, சிறிய வேலைகளுக்குப் பழைய ஃபார் லூப்பையே கூச்சமின்றி எழுதுகிறேன்.