வெளிநாட்டு போன் நம்மூர் சிம்முக்கு ஒத்துவருமா?

அமெரிக்காவிலிருந்து போன் வாங்கி வரச் சொல்லும் முன் அதன் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். பேண்ட் என்பது போன் சிக்னலைப் பிடிக்கும் அலைவரிசை. '4ஜி, 5ஜி' என்று பெட்டியில் போட்டிருப்பது மட்டும் போதாது.

ஜியோவின் 4ஜி மூன்று பேண்டுகளில் ஓடுகிறது: 3 (1800 மெகாஹெர்ட்ஸ்), 5 (850), 40 (2300). பேண்ட் 40 அமெரிக்காவில் புழக்கத்தில் இல்லை. அதனால் அந்நாட்டுச் சந்தைக்கான சில மாடல்களில் அது இருக்காது. பேண்ட் 5 இல்லாவிட்டால் தொல்லை வேறு மாதிரி. தெருவில் சிக்னல் நன்றாக வரும், வீட்டுக்குள் போனதும் விழும். சுவரைத் துளைத்து வருவது தாழ்ந்த அலைவரிசைதான். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28 (700), 1 (2100) இரண்டும் வேண்டும். 5ஜிக்கு என்78 (n78) என்ற பேண்ட் கட்டாயம். ஜியோ என்றால் என்28-ம் இருப்பது நல்லது.

பேண்ட் எல்லாம் பொருந்தியும் இணையம் மட்டும் ஓடி, அழைப்பு போகாமல் இருக்கலாம். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதனால் 4ஜி வழியே பேச உதவும் வோல்டிஇ (VoLTE) வேலை செய்தாக வேண்டும். போனின் மென்பொருளில் அந்த நிறுவனத்துக்கான வோல்டிஇ அமைப்பு இல்லையென்றால் பேச முடியாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒரே பெயரில் நாட்டுக்கொரு மாடல் வரும். ஆகவே அமைப்புகளில் 'போனைப் பற்றி' பகுதியில் உள்ள மாடல் எண்ணை வைத்தே தேடுங்கள். ஒப்பந்தத்தில் வாங்கிய போன் என்றால் நெட்வொர்க் லாக் (வேறு நிறுவன சிம்மை ஏற்காத பூட்டு) நீக்கியாயிற்றா என்று அங்கேயே உறுதி செய்யுங்கள். ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் செருகும் இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான்.