பிப்ரவரிக் குறிப்புகள்: லிம் சூ காங்கிலிருந்து ஃபேரர் பார்க் வரை

பிப்ரவரி 8, 2025, சனி

சிங்கப்பூரின் வடமேற்கில், லிம் சூ காங் சாலை முடிகிற இடத்தில் ஒரு படகுத்துறை. மீன் பண்ணைக்காரர்கள் தீவன மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே மலேசியாவின் ஜொகூர். அக்கரை மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான் தூரம்.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் இதே தேதி இரவு இந்தக் கரையோரமாக, சாரிம்பன் பக்கம்தான், ஜப்பானியரின் படகுகள் வந்து ஏறின. அவர்களுடைய 5ஆவது, 18ஆவது டிவிஷன்கள். இங்கே காத்திருந்தது ஆஸ்திரேலியாவின் 22ஆவது பிரிகேடு. மூன்றே பட்டாலியன்கள், சுமார் 15 கிலோமீட்டர் கரை, இடையிடையே சதுப்பும் அலையாத்திக் காடும். பகலெல்லாம் விழுந்த குண்டுமழையில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயின. தேடுவிளக்குகளும் எரியவில்லை. எங்கே சுடவேண்டும் என்ற தகவல் பின்னால் இருந்த பீரங்கிப் படைக்கு வந்துசேரவில்லை. பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலோ எதிரி வடகிழக்கில்தான் இறங்குவான் என்று கணக்குப் போட்டு, புதிதாக வந்த பிரிட்டிஷ் 18ஆவது டிவிஷனை அந்தப் பக்கம் நிறுத்திவைத்திருந்தார்.

‘சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே இருந்தன, அதனால்தான் தோற்றார்கள்’ என்ற பழைய கதையைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சாங்கிப் பக்கத்து 15 அங்குலப் பீரங்கிகளைத் திருப்பிச் சுடத்தான் செய்தார்கள். கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டுகள். அவை மண்ணில் ஆழப் புதைந்தன. காலாட்படைக்கு அவற்றால் பெரிய சேதமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தைப்பூசத்துக்காக வீடு கழுவினோம். 1942இல் இன்றைக்குத் தெங்கா விமானத்தளம் போயிற்று. எனக்கு இடுப்பு போயிற்று. வேறு எழுதத் தெம்பில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

இங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது, விடுப்பு எடுத்தேன். நான் பால்குடம், தம்பி காவடி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டபோது இன்னும் விடியவில்லை. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் பால் ஊற்றிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது.

பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஃபேரர் பார்க். டேங்க் ரோடு கோயிலை ஒட்டி எழும்புவது ஃபோர்ட் கேனிங் குன்று. அந்தக் குன்றுக்கடியில் இருந்த பதுங்கறையில்தான் 1942 பிப்ரவரி 15 காலை, சரணடைவதென்று முடிவு செய்தார்கள். 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தது ஃபேரர் பார்க்கில். ஆண்டுதோறும் நாம் பாலும் காவடியும் சுமந்து நடப்பது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, எதிர்த்திசையில். வழியில் டோபி காட் பக்கம் கேத்தே கட்டடமும் வந்துவிடுகிறது. நேதாஜி 1943 அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது அங்கேதான். இத்தனை வருடங்களாக அந்த இடங்களைத் தண்ணீர்ப் பந்தலாகவும் ஓய்வெடுக்கும் திருப்பமாகவும்தான் தெரிந்து வைத்திருக்கிறேன்.

1942இல் பிப்ரவரி 11 ஜப்பானியருக்கும் விசேஷ நாள். அவர்கள் பேரரசு தோன்றிய நாளாகக் கொண்டாடும் கிகென்செட்சு. அதற்குள் ஊரைப் பிடித்துவிட வேண்டுமென்று தளபதி யமாஷிதா விரும்பினார். புக்கிட் தீமா கைக்கு வந்துவிட்டது. சரணடையச் சொல்லும் கடிதத்தை விமானத்திலிருந்து போட்டார்கள். பெர்சிவல் இணங்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அரை நாள் விடுப்பு. தம்பியையும் இழுத்துக்கொண்டு புக்கிட் சண்டுவுக்குப் போனேன். பெப்பிஸ் சாலை மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம். மேலே கறுப்பு வெள்ளை பங்களா. 2002இலிருந்து நினைவகமாக இருக்கிறது. சண்டு என்றால் அபின்; முன்பு குன்றின் அடியில் அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர்.

1942இல் இதே நாளில் இங்கே போரிட்டது மலாய் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். 1933இல் போர்ட் டிக்சனில் 25 பேரை வைத்துச் சோதனைக்காகத் தொடங்கிய படை. ‘மலாய்க்காரர்கள் சிப்பாய் வேலைக்குச் சரிப்படுவார்களா’ என்ற சந்தேகத்தோடுதான் வெள்ளைக்காரன் அதைத் தொடங்கினான். பதில் இந்த மேட்டில் கிடைத்தது. லெப்டினன்ட் அட்னான் சைடி 1915இல் பிறந்தவர், சி கம்பெனியில் ஒரு பிளாட்டூனின் தலைவர். நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கு தீப்பிடித்து, எரியும் எண்ணெய் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்ததால் பின்வாங்கவும் வழியில்லை. குண்டு தீர்ந்த பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியும் கைகலப்பும். அட்னானைப் பிடித்துக் கொன்றார்கள்.

மேட்டிலிருந்து பார்த்தால் இப்போது நார்மன்டன் பார்க் அடுக்குமாடிகள். துறைமுகப் பக்கம் பாரந்தூக்கிகள். புல்வெட்டுகிறவர்களின் இயந்திரச் சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

மகளின் பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளிலும் அட்னான் வருகிறார். ஜப்பானியர் தலைப்பாகை கட்டி, இந்தியச் சிப்பாய்களாக வேஷம் போட்டு ஏறி வந்தார்களாம். பிரிட்டிஷ் படை மூன்று வரிசையாக நடக்கும், வந்தவர்களோ நான்கு வரிசையாக நடந்தார்கள்; அட்னான் அதைக் கவனித்து, சுடச் சொன்னார். “எங்களையும் மூன்று வரிசையாகத்தான் நடத்துவார்கள் அக்கா, தேசிய சேவையில் அதைக் காலே கற்றுக்கொண்டுவிடும்” என்றான் தம்பி.

நல்ல கதை, பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தாள் முழுக்க இந்தியச் சிப்பாய் வருவது அந்த ஒரு இடத்தில் மட்டும், அதுவும் வேஷமாக. நிஜமான இந்தியச் சிப்பாய்கள் அன்றைக்கு இதே பாசிர் பாஞ்சாங் முகட்டில், மலாய் ரெஜிமெண்டுக்கு வலப்புறத்தில் இருந்தார்கள்: 44ஆவது இந்தியப் பிரிகேடு, பஞ்சாப் ரெஜிமெண்டுகளின் பட்டாலியன்கள். பலர் போதிய பயிற்சி இல்லாத புது ஆட்கள். அவர்கள் பின்வாங்கினார்கள் என்பதும் உண்மைதான். அதையாவது எழுதியிருக்கலாம்.

பிப்ரவரி 15, சனி

காலையில் கிராஞ்சிப் போர் நினைவகம். 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 850க்கும் மேல் பெயர் தெரியாதவை. மேட்டின் உச்சியில் இருக்கும் சுவர்களில் கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். டோக்ரா, பலூச், கட்வால், ஹைதராபாத், கூர்க்கா, பஞ்சாப் என்று ரெஜிமெண்ட் வாரியாக வெட்டியிருக்கிறார்கள். கீழ்வரிகளை விரலால் தடவிப் படிக்கலாம். மேல்வரிகளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். பலருக்கு ஒற்றைப் பெயர்தான். இன்ன ஊர், இன்னார் மகன் என்று எதுவும் கிடையாது. எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனி நினைவிடம். கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். அங்கே மாலையோ பூவோ எதுவும் இல்லை. கைப்பையில் தைப்பூசத்து விபூதிப் பொட்டலம் இருந்தது. முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் பொதுவான படையாயிற்றே என்று யோசித்து, எடுக்காமல் விட்டேன்.

மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலித்தபோது தேக்காச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஃபோர்டு ஆலையில் பெர்சிவல் சரணாகதியில் கையெழுத்திட்ட மாலையை நினைவூட்ட ஆண்டுதோறும் ஊதுவது. 1942இல் அன்று சீனப் புத்தாண்டு. கடைக்காரர் கத்தியை நிறுத்தவில்லை; செதிலை எடுத்தபடியே, “ஆண்டுக்கு ஒரு தடவை காது போகிறது தங்கச்சி” என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலை முடிந்து ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கித் திடல் பக்கம் நடந்தேன். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தாகிவிட்டது.

பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பிரித்துச் சாங்கிக்கு அனுப்பிவிட்டு, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை இங்கே கூட்டினார்கள். பிரிட்டிஷ் கர்னல் ஹன்ட் அந்தச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்துக்குப் போய், பிறகு இந்துஸ்தானிக்கு வந்தது. கடைசியில் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். தென்னாட்டுச் சிப்பாய் ஒருவன் கடைசி வரிசையில் நின்றிருந்தால் எவ்வளவு விளங்கியிருக்கும்?

பலர் சேர்ந்தார்கள். நாட்டுக்காக என்று சேர்ந்தவர்கள் உண்டு, முகாம் பட்டினிக்குப் பயந்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பலரை நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு ஏற்றினார்கள், திரும்பாதவர் ஏராளம். நம் வீடுகளில் ஐ.என்.ஏ. கதையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் மறுத்துவிட்டுக் கப்பலேறியவனைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டாள். ‘44ஆவது இந்தியப் பிரிகேடு’ என்று ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்ததை அவள் அழிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை லாப்ரடார் பூங்கா, மழை இல்லையென்றால்.