தங்கைக்கு மூளை அறுவை சிகிச்சை: அதற்கு முன் நடந்த பரிசோதனைகள்

என் தங்கைக்கு வரும் வலிப்பில் கீழே விழுவதெல்லாம் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பார்வை நிலைகுத்திவிடும். வாய் எதையோ மெல்லும், வலது கை துப்பட்டாவைத் திருகும். ஓரிரு நிமிடம்தான். அப்புறம் "என்னாச்சுண்ணா?" என்பாள்.

மாத்திரை மாற்றி மாற்றியே வருடங்கள் போயின. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று 2010இலேயே உலக அளவில் வரையறுத்துவிட்டார்கள். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. உங்கள் வீட்டில் மூன்றாவது மாத்திரை ஓடுகிறதென்றால், அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று நீங்களே கேளுங்கள்.

நாங்கள் போனது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்துக்கு. 1995 முதல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யும் இடம். டாக்டர் முதலில் கேட்டதே, "குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்ததா?" என்றுதான். வந்தது என்றார் அம்மா. ஒன்றரை வயதில், ராத்திரி நேரம், வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிற்கவே இல்லையாம்.

வலிப்பு அப்படி நீளும்போது நரம்பு செல்கள் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அதனால் பக்கத்து செல்லுக்குள் கால்சியம் ஏகமாகப் புகுந்து அதைச் சாகடிக்கிறது. காதுக்கு நேர் உள்ளே, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸுக்கு இந்தச் சேதம் எளிதில் வரும். செல்கள் செத்த இடம் தழும்பாகிறது, பல வருடம் கழித்து அங்கிருந்தே வலிப்பு கிளம்புகிறது. முன்பு எடுத்த ஸ்கேனில் 'நார்மல்' என்று எழுதியிருந்தார்கள். இங்கே அந்தப் பகுதியை மட்டும் குறுக்காக, மெல்லிய அடுக்குகளாக எம்ஆர்ஐ எடுத்தார்கள். வலது பக்கம் சுருங்கியிருந்தது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

மூளையின் மின்னலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ ஈஈஜிதான் கஷ்டமான கட்டம். தலை முழுக்க வயர்களை ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருக்க வேண்டும். வந்ததும் பட்டனை அழுத்துவது என் வேலை. நர்ஸ் ஓடிவந்து, நினைவு இருக்கிறதா என்று பார்க்கத் தங்கையிடம் பெயர் கேட்டார், பேனாவைக் காட்டி இது என்ன என்றார். பிறகு டாக்டர் வீடியோவை நிறுத்திக் காட்டினார். வலது கை துப்பட்டாவைத் திருக, இடது கை மணிக்கட்டு மடங்கி விறைத்திருந்தது. இத்தனை வருடம் பக்கத்திலிருந்தும் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. வலிப்பு வலது பக்கத்தில் தொடங்குகிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியாம்.

நினைவாற்றல் சோதனையும் விரிவாக நடந்தது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்புக்காக இந்தப் பகுதியை இரண்டு பக்கமும் வெட்டியெடுத்ததில், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமலே போனது. அதனால் தங்கைக்கு இடது பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று உறுதி செய்த பிறகே வலது பக்கத்தை எடுக்கச் சம்மதித்தார்கள்.

தலையைத் திறப்பதா என்று அம்மா தயங்கினார். கனடாவில் 80 பேரை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வை டாக்டர் சொன்னார். ஒரு வருட முடிவில், அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு நினைவு தப்பும் வலிப்பு நின்றிருந்தது. மாத்திரையில் மட்டும் இருந்தவர்களில் 8 சதவீதம். தங்கை அங்கேயே சரி என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்தது. வலிப்பு இதுவரை வரவில்லை. மாத்திரை தொடர்கிறது, பிற்பாடு மெதுவாகத்தான் குறைப்பார்களாம். வண்டி ஓட்ட இன்னும் அனுமதி இல்லை.