நிமிடத்துக்கு அரை லிட்டர்

ஜூன் 30, 2019, ஞாயிறு

நாளை வகுப்பு ஆரம்பம். முதல் தாளை எழுதி முடித்துவிட்டேன். அரைப் பக்கம்தான். ஒரு வார்டு, 20,000 பேர், குழாயில் காற்று மட்டும் வருகிறது, 300 அடி போர் வற்றிவிட்டது, லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை. நீங்கள்தான் வார்டு இன்ஜினியர். என்ன செய்வீர்கள்?

சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி என்பதைக்கூடத் தாளில் போடவில்லை. அவர்களே தேடட்டும்.

லாரி இன்றும் வரவில்லை. இரண்டு குடம் மிச்சம்.

ஜூலை 1, திங்கள்

எட்டு எட்டு பேராக உட்கார வைத்தேன். போர்டில் மூன்று கட்டம் போட்டேன்: தெரிந்தது, தெரியாதது, தேட வேண்டியது. முதல் கட்டம் பத்து நிமிடத்தில் நிரம்பியது. இரண்டாவது அரை மணி நேரம் காலியாகவே இருந்தது. மூன்றாம் ஆண்டு சிவில் பிள்ளைகள், தெரியாது என்று எழுதக் கை வரவில்லை. யாரோ "மேம், ஆன்சர் என்னன்னு சொல்லிடுங்க, எழுதிக்கிறோம்" என்றான். சொல்லாமல் நின்றேன். பேசாமல் நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. சாக்பீஸை உடைத்துக்கொண்டே இருந்தேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் பெண் ஒருத்திதான் கடைசியில் எழுந்தாள். "லாரித் தண்ணிய வீட்டுக்கு எத்தன குடம்னு யார் முடிவு பண்றாங்க?" தெரியாததில் முதல் வரி அதுதான்.

ஜூலை 2, செவ்வாய்

நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. அப்பா தூங்கினார். டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு அரை லிட்டர், நாலு மணி நேரம், 120 லிட்டர். அதுவும் ஆர்ஓ சுத்தம் செய்து தரும் நீர் மட்டும், கழிவாகப் போவது தனி. அப்பா ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்றிருப்பது 750 மில்லி. பாட்டிலில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலைக் கோடு, மதியக் கோடு, இரவுக் கோடு. இரவுக் கோட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு வாய் மிச்சம் வைப்பார், தூக்கத்தில் தாகம் எடுத்தால் என்று.

பிரச்சினையை முதலில் கொடுத்து, பாடத்தைப் பிள்ளைகளையே தேடவைக்கும் இந்தப் பாடமுறையே மருத்துவப் பிள்ளைகளுக்காக வந்தது. 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள். பாடத்தை நடத்திவிட்டு நோயாளியைக் காட்டுவதற்குப் பதிலாக நோயாளியை முதலில் முன்னால் வைத்தார்கள். நோயாளி நேற்றுபோல் இன்று இருப்பதில்லை. அப்பாவின் இரத்தத்தில் பொட்டாசியம் போன வாரம் 5.2, இன்று 6.1க்கு ஏறிவிட்டது. வார்டும் அப்படித்தான். ஒரே தாளைக் கொடுத்து ஒரே விடையை வாங்கினால், கணக்கு சரியாக வரும், ஊர் வராது. அதனால்தான் தாளை மாற்றிக்கொண்டே இருக்கப்போகிறேன்.

ஜூலை 5, வெள்ளி

அப்பாவின் காலை ஆறு மணி டயாலிசிஸ் ஷிப்ட் மாலை நாலுக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். "லாரி லேட், மேடம்."

ஜூலை 8, திங்கள்

நான்கு குழுக்களில் மூன்று ஒரே விடை. திருவள்ளூர் பக்கம் வயல் கிணறுகளிலிருந்து லாரியில் வாங்குவது. செலவு, நடை எண்ணிக்கை, டீசல், எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். பாராட்டினேன், மனதாரத்தான். அப்புறம் இரண்டாம் தாளைக் கொடுத்தேன். கிராமத்தார் லாரியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கிணற்றிலும் மட்டம் இறங்கிவிட்டது.

வகுப்பே அமைதியானது. ஒரு பையனுக்குக் கோபம். "ஃபர்ஸ்ட்டே சொல்லியிருக்கலாம்ல மேம்?" அவன் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. தன் விடை யாருடைய கிணற்றில் நிற்கிறது என்று அவன் அதுவரை நினைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அதே குழு கோயம்பேடு, கொடுங்கையூர் கழிவுநீர் மறுசுத்திகரிப்பைப் பற்றித் தேட ஆரம்பித்தது.

மாலை துறைத்தலைவர் கூப்பிட்டார். இப்படியே போனால் போர்ஷன் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடியுமா என்று தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்துவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டயாலிசிஸ் அறை டிவியில் காட்டினார்கள். படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும், "அங்க இருக்கறவங்களுக்கு?" என்றார்.

ஜூலை 15, திங்கள்

தாளுக்கு வேலையே இல்லை, ரயிலைப் பற்றித்தான் பேச்சு. 2016இல் லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனதை ஒருவன் தேடி எடுத்து வந்திருந்தான். கோபித்துக்கொண்ட பையன் போர்டுக்கு வந்தான். நகரத்துக்கு இப்போது ஒரு நாளைக்குக் கொடுப்பது 52.5 கோடி லிட்டர். ரயில் 25 லட்சம். வகுத்தான். நூற்றுக்கு அரைகூட வரவில்லை. திரும்ப ஒருமுறை வகுத்தான். சாக்பீஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

ஜூலை 18, வியாழன்

தூக்கம் இல்லை. தெருவில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். கனவு.

ஜூலை 22, திங்கள்

மூன்றாம் தாள். ஒரே இரவில் மழை கொட்டுகிறது. வார்டு ஏரி விளிம்பில் நிற்கிறது, திறப்பதா வேண்டாமா? 'ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, முழுக் கொள்ளளவுக்குத் தேக்க வேண்டும்' என்று போன வாரம் எழுதியவர்கள் இவர்களேதான். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தபோது இவர்கள் பதினொன்றாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு கதை இருந்தது. மாடிப்படியில் இரண்டு இரவு இருந்ததைச் சொன்னவன் பாதியில் நிறுத்திவிட்டான். நான் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவர்களாகவே போர்டில் ஒரே ஏரிக்கு இரண்டு கோடு போட்டார்கள். ஒன்று கோடைக்குத் தேக்க வேண்டிய மட்டம், இன்னொன்று மழைக்கு இடம்விட வேண்டிய மட்டம். எந்தத் தேதியில் எந்தக் கோடு என்று சண்டை. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

போகும்போது கொருக்குப்பேட்டைப் பெண் என் மேஜைக்கு வந்தாள். "மேம், லாரித் தண்ணிய ஆளுக்கு இவ்வளவுன்னு சமமாப் பிரிச்சோம். அது தப்பு. இந்த வார்டுல டயாலிசிஸ் பண்றவங்க எத்தன பேருன்னு தெரியாததுல எழுதணும்."

நான் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. "எழுது" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவள் வீட்டில் யாருக்கு என்று கேட்காமலே விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 23, செவ்வாய்

பொட்டாசியம் 5.4. அப்பா இட்லி கேட்டார்.

ஜூலை 26, வெள்ளி

அப்பா தூங்கியதும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆர்ஓ ஒதுக்கும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக நேராகச் சாக்கடைக்குப் போகிறது. கையை நீட்டினேன். குளிர்ச்சி, தெளிவு. நாக்கில் வைத்தால் லேசாக உப்பு. நோயாளி பக்கம் போகாத தண்ணீர் இது, கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தாராளமாக ஆகும். ஒரு பக்கம் லாரிக்குக் காத்திருந்து ஷிப்டையே தள்ளிப்போடுகிறார்கள். டெக்னீஷியனிடம் கேட்டேன். "மேனேஜர்கிட்ட பேசணும் மேடம், நானும் சொல்லிப் பார்த்தேன்" என்றார். கல்லூரிப் பிள்ளைகள் வந்து அளந்து எழுதித் தந்தால் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா என்றேன். யோசித்துவிட்டு, தன் மேஜை டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து நீட்டினார்.

குழாய் ஒன்றரை அங்குலம். பத்து லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி என்று பார்க்க ஆரம்பித்தபோது உள்ளே அப்பா கூப்பிட்டார்.