கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நான்கு நாள்

அக்டோபர் 4, வெள்ளி

நீண்ட வார இறுதி. சிட்னியை விட்டு வெளியே வரவே பாதி நாள் போய்விட்டது. பூட்டி பூட்டி தேசியப் பூங்காவின் 'தி ரூயின்ஸ்' முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. கிழக்கே செவன் மைல் பீச். சாலையைத் தாண்டினால் மேற்கே வாலிஸ் ஏரி. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்துண்டு, அதன் தெற்கு முனையில் பூட்டி மலை. மலையடிவாரத்தில்தான் எங்கள் இடம்.

அப்பாவுக்கு இதுதான் முதல் முகாம். கடற்கரை ஊரில் பிறந்தவர். வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு கைப்பிடி காய்ந்த மணலை எடுத்து மெல்ல ஒழுகவிட்டார். அது தென்மேற்காகச் சாய்ந்தது. "வாடையும் கொண்டலும் கலந்து அடிக்குதும்மா. கூடார வாசலை மலைப் பக்கம் திருப்பு" என்றார். அவருக்கு வாடை வடக்குக் காற்று, கொண்டல் கிழக்குக் காற்று. சரி என்று திருப்பினோம். ஆனால் முளைகள் மணலில் நிற்கவே இல்லை. கயிற்றை இழுத்தால் சத்தமில்லாமல் கையோடு வந்தன. அப்பா நான்கு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்தார். அப்புறம் கூடாரம் அசையவில்லை.

அக்டோபர் 5, சனி

விடியற்காலை கடலுக்குப் போனால் அலை ஒதுக்கிய கோடு முழுக்க நீலம். புளூபாட்டில்கள். உட்கார்ந்து ஒன்றை உற்றுப் பார்த்தேன். கட்டைவிரல் அளவில் காற்றடைத்த பை, விளிம்பில் இளஞ்சிவப்பு, கீழே மணலில் சுருண்டு கிடக்கும் கருநீல இழை. பார்வைக்கு ஒரே பிராணி; உண்மையில் பல உயிர்கள் சேர்ந்த கூட்டம். தானாக நீந்தாது, காற்று தள்ளும் பக்கம் போகும். வடகிழக்குக் காற்று வீசினால் இந்தக் கரைக்குத்தான் வரும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகன் கணுக்கால் வரை இறங்கிவிட்டான். இழை கொட்டி ஒரே அலறல். கடல் நீரால் கழுவி, ஒட்டிய இழையை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரை வாளியில் ஊற்றி இருபது நிமிடம் காலை வைத்திருக்கச் சொன்னேன். இதற்கு வினிகர் கூடாது. அடங்கிவிட்டது. ஆனாலும் அந்த இருபது நிமிடம் எனக்கு நெடு நேரமாக இருந்தது.

"கொண்டல் அடிக்கும்போது கடல் எதுக்கு? அந்தப் பக்கம் வாங்க" என்று அப்பா ஏரிக்கு அழைத்துப் போனார். அங்கே காற்றே இல்லாதது போல இருந்தது. மரங்களும் மேடும் கிழக்கை மறைத்துக்கொள்கின்றன. ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் ஏரி, ஆனால் ஆழம் குறைவு. வடக்கே பார்ஸ்டரில் கடலோடு சேர்வதால் நீர் உப்புக் கரிக்கும். சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன நீர். கரையோரம் பேப்பர்பார்க் மரங்கள். பட்டை ஏடு ஏடாக உரிகிறது. மகன் ஒரு ஏட்டை வருடிப் பார்த்து, "தாத்தா, துணி மாதிரி இருக்கு" என்றான். மாலை வரை அங்கேயே கிடந்தோம். சூரியன் ஏரிக்குள் இறங்கியது.

இரவு போசம் என்ற மரவாழ் விலங்கு ஒன்று வந்து ரொட்டிப் பையைக் கிழித்துவிட்டது. சாப்பாட்டை வண்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று முதல் கோடைகால நேரம்; கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். தூக்கத்தில் ஒரு மணி நேரம் போயிற்று.

கேப் ஹாக் முனைக்குப் போனோம். 1770 மே மாதம் கப்பலில் கடந்த ஜேம்ஸ் குக் வைத்த பெயர். பூர்வகுடிகளான வொரிமி மக்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே வாழும் நிலம் இது. நானூறுக்கு மேற்பட்ட படிகள். அப்பா நான்கு இடத்தில் உட்கார்ந்து, ஏறி முடித்தார். மேலே கோபுரத்தில் நின்றால் ஒரே பார்வையில் கடலும் ஏரியும். ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குட்டிகளோடு அண்டார்டிகா பக்கம் திரும்பும் மாதம். முதலில் ஒரு நீர்த்தூவல், பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. அப்பா எதுவும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

இரவு பத்து மணிக்குக் காற்று சட்டென்று நின்றது. "சோழகம் வரப்போகுது" என்றார். கால் மணி நேரத்தில் தெற்கிலிருந்து வந்தது. ஊரில் சோழகம் வெயிலோடு வருமாம். இங்கே தென்கடல் குளிரோடு வருகிறது. மேலே மலையில் மரங்கள் இரைந்தன. கீழே எங்கள் கூடாரத் துணி லேசாக மட்டுமே படபடத்தது. வருடாவருடம் வருபவர்கள் ஏன் மலையடிவார இடங்களை முதலில் பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அக்டோபர் 7, திங்கள்

செவன் மைல் பீச்சில் அலை ஆள் உயரம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், கலங்கிய நீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. இழுநீரோட்டம். அமைதியாகத் தெரியும் அந்த இடத்தில்தான் இறங்கக் கூடாது என்று மகனுக்குக் காட்டினேன்.

மலைக்கு மறுபுறம் எலிசபெத் பீச். தெற்குக் காற்று அங்கே எட்டாது. உயிர்காப்பாளர்கள் நட்டிருந்த சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மூன்று பேரும் குளித்தோம். புளூபாட்டில் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்து கூடாரத்தைப் பிரித்தோம். அப்பா துணிப்பைகளைத் தோண்டி எடுத்து, மணலை அந்தந்தக் குழியிலேயே கொட்டி, காலால் சமன் செய்தார். பிறகு பைகளை உதறி மடித்து என்னிடம் நீட்டினார். "வண்டியிலேயே இருக்கட்டும்மா."