ஊருணித் தண்ணீர், வைக்கோல், இரண்டு உட்கரு

பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியை வீட்டில் வளர்த்துப் பார்க்க ஆசை. முதல் ஜாடி பாழ். ஊருணித் தண்ணீரில் வைக்கோலைப் போட்டு மூடியை இறுக்கி வைத்ததில் நாலாம் நாள் வளவு முழுக்க நாற்றம். "கொல்லையில கொட்டிட்டு வாப்பா" என்றார் அப்பத்தா. சொன்னதில் நியாயம் இருந்தது.

இரண்டாம் ஜாடிக்கு வைக்கோலை வேகவைத்து ஆறவிட்டேன். அப்புறம் அரை டம்ளர் ஊருணித் தண்ணீர் சேர்த்து, வாயில் பழைய வேட்டித்துணி கட்டி, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் வெயில் படாமல் வைத்தேன். ஒன்பதாம் நாள் நீர்மேல் ஓரத்தில் படிந்த ஆடையை ஒட்டி வெள்ளைப் பொடியாக ஏதோ நகர்ந்தது. பாரமீசியம்!

எனக்கு வேண்டியது அதன் உட்கரு. அதற்குச் சின்னது, பெரியது என்று இரண்டு வகை. நம் உடம்பில் தோலும் நரம்பும் வேறு வேறாக இருக்க, டி.என்.ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின்மேல் ஒட்டும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறியும் ஒரு காரணம். ஒரே செல்லுக்கு இந்தப் பிரிவினை எதற்கு? ஆனால் இந்த வகை உயிரிகள் ஒரு செல்லுக்குள்ளேயே அதைச் செய்கின்றன. சின்ன உட்கருவின் டி.என்.ஏ பெட்டகத்தில் பூட்டிய மூலப்பத்திரம். பெரியதில் இருப்பது அன்றாடம் புழங்கும் ஜெராக்ஸ். பாரமீசியத்துக்கு உறவான டெட்ராஹைமினாவில், பெரிய உட்கருவின் அடினைன் என்ற இன்னொரு டி.என்.ஏ எழுத்தில் 0.65 முதல் 0.8 சதவீதம் வரை மெத்தில் ஏறியிருப்பதை 1973-லேயே கண்டார்கள். சின்னதில் அது மிகக் குறைவு. ஜெராக்ஸில் மட்டும் பென்சில் குறி! எல்லாப் பெருமையையும் மெத்திலுக்கே கொடுக்கவும் முடியாது. ஜெராக்ஸ் எடுக்கும்போதே சில வரிகளை வெட்டி எறிந்துவிடுகிறது அந்த செல்.

வண்ண மீன் கடையில் வாங்கிய மெத்திலின் நீலத்தில் ஒரு சொட்டு வினிகர் கலந்து விட்டேன். எல்லாம் செத்து நின்றன. நடுவில் அவரை விதை போல நீலமாகப் பெரிய உட்கரு. பதினொன்றில் ஒன்றில் மட்டும் அதன் பள்ளத்தில் ஒரு புள்ளி, சின்ன உட்கருவாக இருக்கலாம். தூசி இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"இந்த நீலம் மெத்தில் குறியைக் காட்டுமா?" என்றான் தம்பி. காட்டாது. பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் குறி எந்த லென்ஸுக்கும் சிக்காத அளவு சின்னது.

நேற்று இரவு இரண்டு பாரமீசியம் வாயோடு வாய் ஒட்டி நீந்தின. இந்தச் சேர்க்கையை ஒட்டித்தான் பழைய பெரிய உட்கரு கரைந்து, சின்னதிலிருந்து புதிது உருவாகும். அவசரமாகக் கண்ணாடித் தகட்டில் எடுத்து வைத்து, விளக்கைத் திருப்பப் போனேன். மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது சொட்டு காய்ந்திருந்தது.